செருப்புக்காகக் காலை வெட்டலாமா?

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. தங்கச்சிக்கு முட்டி வலி குறைந்துவிட்டது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே மகள் கல்லூரிக்குப் போன பிறகு வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அமெரிக்கக் கால்பந்து ஆட்டம்தான் எனக்குத் துணை.

உன் மகனைப் பற்றி எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். மான்போல ஓடுகிற பிள்ளையை, நின்ற இடத்திலேயே நின்று பந்தை எறி என்று பயிற்சியாளர் கட்டாயப்படுத்துகிறாராமே. செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டுகிற வேலை அல்லவா இது? எனக்கு மனம் ஆறவில்லை.

இங்கே பால்டிமோரில் நடந்ததைச் சொல்கிறேன். 2018 நவம்பரில் எங்கள் ஊர் ரேவன்ஸ் அணியின் ஜோ ஃப்ளாக்கோவுக்கு இடுப்பில் அடிபட்டது. நெடிய உருவம், வலுவான கை, நின்று எறிகிற ஆட்டக்காரர் அவர். அவருடைய இடத்துக்கு லமார் ஜாக்சன் வந்தார். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் வேலையை விட்டுவிட்டுப் பந்து பிடிக்கப் போகட்டும் என்று சிலர் சொன்ன இளைஞர். ரேவன்ஸ் அணி, ஃப்ளாக்கோவுக்காகப் போட்ட திட்டத்தை அவர் தலையில் கட்டவில்லை. அவர் ஓடுவதையே ஆட்டத்தின் அச்சாக வைத்துக்கொண்டது. அவர் தொடங்கிய ஏழு ஆட்டங்களில் ஆறில் வெற்றி. அடுத்த ஆண்டு கிரெக் ரோமனிடம் தாக்குதல் திட்டத்தை ஒப்படைத்து, எல்லாவற்றையும் புதிதாகவே கட்டினார்கள்.

அதில் ஒரு நுணுக்கத்தை உனக்கு விளக்கியாக வேண்டும். எதிரணியின் ஓரத்தில் நிற்கும் தடுப்பாளரை வேண்டுமென்றே யாரும் மறிப்பதில்லை. ஜாக்சன் பந்தை, அதை வாங்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக்கின் வயிற்றில் வைத்தபடி, கையை எடுக்காமல் அந்தத் தடுப்பாளரையே பார்ப்பார். அவன் ரன்னிங் பேக்கை நோக்கிப் பாய்ந்தால் பந்தை உருவிக்கொண்டு அவன் விட்டுப்போன பக்கமாக ஓடுவார். அவன் நின்ற இடத்திலேயே நின்றால் பந்தைக் கொடுத்துவிடுவார். எதைச் செய்தாலும் அவன் ஏமாறுவான். இந்த ஓட்டத்துக்குப் பயந்து, முன்வரிசைக்குப் பின்னே நிற்கும் தடுப்பாளர்களான லைன்பேக்கர்கள் ஓரடி முன்னால் வைத்தால் போதும், அவர்கள் முதுகுக்குப் பின்னால் பந்து பிடிக்கும் மார்க் ஆண்ட்ரூஸ் தனியாக நிற்பார், பந்து அங்கே போகும். ஓடத் தெரிந்ததால்தான் எறிவதும் எளிதாயிற்று. உன் மகனின் பயிற்சியாளருக்கு இதுதான் புரிய வேண்டும்.

2019இல் 14 வெற்றி, இரண்டே தோல்வி. அணி மொத்தம் 3,296 கெஜம் ஓடியது, அது சாதனை. ஜாக்சன் மட்டும் 1,206 கெஜம். டச்டவுனுக்கு, அதாவது எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டி ஆறு புள்ளி பெறுவதற்கு, எறிந்ததிலும் 36 என்று அவரே முதலிடம். சியாட்டில் ஆட்டத்தை இன்றும் மறக்கவில்லை. நான்காவது, அதாவது கடைசி முயற்சி, தேவை இரண்டு கெஜம். பந்தை உதைத்து மூன்று புள்ளி வாங்கத்தான் தலைமைப் பயிற்சியாளர் ஹார்பா நினைத்தார். ஜாக்சனின் முகத்தைப் பார்த்துவிட்டு, போகலாமா என்று அவரையே கேட்டார். எட்டு கெஜம் ஓடி டச்டவுன்! நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

அடுத்த ஜனவரியில் வெளியேற்றச் சுற்றில் டென்னசி அணியிடம் 28-12 என்று தோற்றதையும் மறைக்க மாட்டேன். ஆரம்பத்திலேயே பின்தங்கியதால் ஜாக்சன் 59 முறை எறிய வேண்டி வந்தது. திட்டம் கைவிட்டுப் போயிற்று. ஆனால் 2023இல் தாக்குதல் திட்டத்தைக் கவனிக்க டாட் மங்கன் வந்தபோது, அதற்குள் முதிர்ந்துவிட்ட ஜாக்சனுக்காக எறிதலைக் கூட்டினார்கள். மீண்டும் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது. பிள்ளை வளர வளரச் சட்டையைப் பிரித்துத் தைப்பது போலத்தான் இதுவும்.

பயிற்சியாளரிடம் சண்டைக்குப் போகாதே. பையன் ஓடும் காட்சிகள் இரண்டு மூன்றை எடுத்துக்கொண்டுபோய்ப் பொறுமையாகப் பேசு. அதுவரை மாலையில் கொல்லைப்புறத்தில் பந்தை உருவுவதை அவன் பழகட்டும். யாரும் மறிக்காத அந்தத் தடுப்பாளனாக நீ நின்றுகொள். எத்தனை முறை ஏமாந்தாய் என்று அடுத்த கடிதத்தில் எழுது.

உன் அன்பு நண்பன்