சின்னவளின் கேள்விக்கு, மகனுக்கு ஒரு கடிதம்

அன்பு மகன்,

நேற்று இரவு நீ வட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவை மூன்று தரம் போட்டுக் கேட்டேன். உன் சின்னவள் முதல் நன்மைக்கு, முதன்முதலாக நற்கருணை வாங்க, ஆயத்தமாகிறாள் என்பதே எனக்குப் பெரிய சந்தோசம், அதிலும் அவள் கேட்ட கேள்வி, "இயேசு கடவுள் என்றால் அவர் யாரிடம் செபித்தார், தன்னிடமேயா?" என்று, அதைக் கேட்டதும் நித்திரை வரவில்லை. தாண்டவன்வெளியில் மறைக்கல்வி படிப்பித்த காலத்தில் எத்தனையோ பிள்ளைகள் என்னிடம் கேட்ட கேள்வி அது. நீயும் கேட்டாய்.

அப்போது நான் சொன்ன பதிலைத்தான் நீ அவளுக்குச் சொல்லியிருக்கிறாய்: தந்தை, மகன், தூய ஆவி மூவரும் தண்ணீர், ஐஸ், நீராவி போல, மூன்றும் ஒன்றுதானே என்று. அது பிழை மகன். உனக்கு அதைச் சொல்லித் தந்தவள் நான் என்பதால் நானே திருத்த வேண்டும்.

யோசித்துப் பார், தண்ணீர் ஐஸாகிவிட்டால் அது நீராவியாக இல்லை. அந்தக் கணக்கில், பெத்லகேமில் குழந்தை பிறந்த இரவில் விண்ணகத்தில் தந்தை இல்லை, ஒருவரே உடுப்பு மாற்றிக்கொண்டு இறங்கி வந்தார் என்றாகிவிடும். கெத்சமனித் தோட்டத்தில் "அப்பா, தந்தையே" என்று அவர் நிலத்தில் விழுந்து கெஞ்சியது வெறும் நடிப்பாகிவிடும். மூன்றாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வட ஆபிரிக்காவின் கார்த்தேஜில் இருந்த தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், தந்தையும் மகனும் ஒரே ஆள்தான் என்று படிப்பித்த பிரக்சேயாஸ் என்பவர் தந்தையையே சிலுவையில் அறைந்துவிட்டார் என்று எழுதினார். கடுமையான வார்த்தைதான், ஆனால் சரியான இடத்தில் தொட்ட வார்த்தை.

சின்னவளுக்குச் சொல்: மகன் தந்தையிடம் செபித்தார். அவர்கள் உலகம் உண்டாகும் முன்பிருந்தே ஒருவரையொருவர் நேசித்தவர்கள். அந்த மகன் மனிதரானபோது, அந்தப் பழைய நேசத்தை மனித வாயால், மனிதக் கண்ணீரோடு சொன்னார், அதுதான் நாம் தோட்டத்தில் கேட்பது. பிறந்ததால் மகன் ஆனவர் இல்லை அவர், என்றென்றும் மகனாக இருந்தவர்தான் வந்து பிறந்தார்.

எனக்கு இது விளங்கக் கனகாலம் எடுத்தது. மூவொரு கடவுள், அதாவது மூவராயிருக்கும் ஒரே கடவுள், ஒரு பாடம், மனிதராதல், அதாவது மகன் மனிதராகப் பிறந்தது, இன்னொரு பாடம் என்று தனித்தனியாகவே படிப்பித்து வந்தேன். ஆனால் சீடர்களைப் பார், ஆண்டவர் ஒருவரே என்று தினமும் சொல்லி வளர்ந்த யூதர்கள், கடலில் வலை போட்டவர்கள், நம் வாவிக்கரை ஆட்களைப் போல. கடவுள் மூவர் என்று அவர்களில் யாரும் உட்கார்ந்து கணக்குப் போடவில்லை. கூட இருந்து மீன் சாப்பிட்ட ஒருவர் கடவுளை அப்பா என்று அழைத்தார், பாவங்களை மன்னித்தார், செத்து உயிர்த்தார், தோமா அவரைப் பார்த்து "நீரே என் ஆண்டவர், நீரே என் கடவுள்" என்றார். மறுகா தூய ஆவி வந்தார். கடவுள் ஒருவரே என்பதையும் விட முடியவில்லை, கண்டதையும் மறுக்க முடியவில்லை. மனிதராதல் நடந்ததால்தான் மூவொரு கடவுளை நாம் அறிந்தோம், கடவுள் மூவொருவராக இருப்பதால்தான் மனிதராதல் நடக்க முடிந்தது.

இதற்காகத்தான் 325இல், இன்றைய துருக்கியில் உள்ள நீசேயாவில் ஆயர்கள் கூடினார்கள். மகன் இல்லாதிருந்த ஒரு நேரம் உண்டு, அவரும் உண்டாக்கப்பட்டவரே என்றார் ஆரியுஸ் என்ற குரு. அப்படியென்றால் நம்மிடம் வந்தது கடவுள் இல்லை, கடவுள் அனுப்பிய ஆள். சுனாமிக்குப் பிறகு நாம் கல்லடிப் பள்ளிக்கூடத்தில் கிடந்தது உனக்கு நினைவிருக்கும். விசாரித்து ஆள் அனுப்பியவர்கள் பலர், அவர்களுக்கும் நன்றிதான். ஆனால் உன் மாமா தானே வந்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இடிந்த வீட்டுச் சேற்றில் முழங்கால் வரை இறங்கி நின்றாரே, நீ அவரைக் கண்டதும்தான் அழத் தொடங்கினாய், அதுவரை அழவே இல்லை. "உண்டாக்கப்பட்டவர் அல்லர், தந்தையோடு ஒரே பொருளானவர்" என்று பூசையில் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தச் சேறு ஞாபகம் வரும்.

காத்தான்குடியில் எனக்குச் சட்டை தைத்துத் தரும் முஸ்லிம் தங்கச்சி ஒருநாள் கேட்டாள், "அக்கா, கடவுளுக்குப் பிள்ளை பிறக்குமா?" என்று. மனிதர் பெறுவது போல இல்லை, ஒளியிலிருந்து ஒளி வருவது போல, முந்தியது பிந்தியது இல்லாமல் என்றேன். அவள் ஏற்கவில்லை, ஆனால் கிறிஸ்தவர்கள் மனிதப் பிறப்பைப் போலச் சொல்லவில்லை என்பது தனக்கு விளங்கியது என்றாள். உன் வேலைத்தளத்துச் சிநேகிதன் இதுவும் ஓர் அவதாரம்தானே என்று கேட்டதற்கும் அப்படித்தான், மரியாதையோடு வித்தியாசத்தைச் சொல்: இவர் ஒரே தரம் மனிதரானார், எடுத்த உடலைப் பிறகு கழற்றி வைக்கவில்லை, இன்றும் மனிதராகவே இருக்கிறார்.

தந்தையும் ஆவியும் மனிதராகவில்லை, ஆனால் மூவரும் சேர்ந்தே செய்த வேலை அது. லூக்காவில் வானதூதர் மரியாவிடம் சொல்வதைச் சின்னவளுக்கு வாசித்துக் காட்டு: தூய ஆவி உம்மீது வருவார், உன்னதரின் வல்லமை நிழலிடும், பிறக்கப்போகிறவர் இறைமகன். ஒரே வசனத்தில் மூவரும். யோர்தானில் இயேசு ஞானஸ்நானம் பெற்றதையும் காட்டு, மகன் தண்ணீரில், ஆவி புறாவாக, தந்தையின் குரல் மேலிருந்து. ஐஸ் உதாரணம் அந்த இடத்தில் நிற்காது என்பதை அவளே கண்டுபிடிப்பாள்.

இன்னொன்று, நீ கைப்பிள்ளையாக இருந்தபோது அம்மம்மா உன் கையைப் பிடித்துச் சிலுவை அடையாளம் போடப் பழக்குவார். நெற்றியில் தந்தை, நெஞ்சில் மகன், இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் இடையில் தூய ஆவி. வாய் மூவரின் பெயரைச் சொல்லும்போது கை வரைவது என்ன? மகன் தன் உடலோடு தொங்கிச் செத்த சிலுவை மரத்தை. நான் வருசக்கணக்காக இரண்டு பாடமாகப் பிரித்து வைத்ததை உன் அம்மம்மா, எழுத்து வாசிப்புத் தெரியாத மனிசி, ஒரே கையசைவில் உனக்குத் தந்துவிட்டார்.

அந்தச் சிலுவை அடையாளத்தை அவளுக்கு ஆறுதலாக, அவசரப்படாமல் போடச் சொல்லிக்கொடு, இப்போதெல்லாம் பிள்ளைகள் ஈ விரட்டுவது போலப் போடுகிறார்கள். அடுத்த ஞாயிறு விசுவாச அறிக்கையில் "மனிதர் ஆனார்" என்ற இடம் வரும்போது நீ தலை வணங்கு, அவள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். ஏன் அப்பா என்று கேட்டால் என்ன சொன்னாய் என்பதைப் பூசை முடிந்ததும் எனக்குக் கோல் எடுத்துச் சொல்.

அன்புடன்
அம்மா
மட்டக்களப்பு