கொரியத் தொடர்களுக்குத் தமிழ் எழுதுபவர்களுக்கு: அந்த 'மாமா' யார்?

கொரிய சரித்திரத் தொடர்களுக்குத் தமிழில் வசனமும் சப்டைட்டிலும் எழுதும் நண்பர்களுக்கு வணக்கம்.

போன மாதம் அம்மாவும் நானும் பழைய கொரிய அரசான சில்லாவின் அரசவை பற்றிய ஒரு தொடர் பார்த்துக்கொண்டிருந்தோம். இளவரசி ஜிசோவுக்கு 'மாமா'வுடன் கல்யாணம் என்று கீழே எழுத்து ஓடியது. அம்மா அசரவே இல்லை. "தாய்மாமன்தானே, நம்ம பக்கமும் உண்டே" என்று முறுக்கை எடுத்தார். "அது அவளோட சித்தப்பாம்மா" என்றேன். முறுக்கு பாதி வழியில் நின்றது.

ஜிசோ, பொப்ஹுங் மன்னரின் மகள். அவளைக் கட்டியவர் மன்னரின் தம்பி இப்ஜோங். இவர்களுடைய பிள்ளை ஜின்ஹுங் 540-இல், 7 வயதில் அரசனானான். அந்தப் பையனுக்கு பொப்ஹுங் அம்மா வழியில் தாத்தா, அப்பா வழியில் பெரியப்பா! பட்டம் யாருக்கு என்ற சிக்கலே இந்த உறவில்தான் இருக்கிறது. நீங்கள் 'மாமா' என்று போட்டதும் அது நம் வீட்டுக் கல்யாணம் போல ஆகிவிட்டது.

தப்பு எங்கே நடக்கிறது என்பது தெரிந்ததுதான். கொரிய மொழியில் அம்மாவின் சகோதரி 'இமோ', அப்பாவின் சகோதரி 'கோமோ'. நமக்கும் சித்தி, பெரியம்மா வேறு, அத்தை வேறு. நடுவில் ஆங்கிலம் புகுந்து எல்லோரையும் ஒரே ஆன்ட்டி ஆக்கிவிடுகிறது. 654-இல் அரசனான கிம் சுன்ச்சுவின் அம்மா, ஜின்ப்யோங் மன்னரின் மகள். ராணி சொன்தொக்கும் அதே மன்னரின் மகள்தான், அதுவும் மூத்தவர் என்கிறது 'சம்குக் சாகி' என்ற பழைய கொரிய வரலாற்று நூல். அப்படியென்றால் சுன்ச்சுவுக்கு அவர் பெரியம்மா. தயவுசெய்து 'அத்தை' என்று எழுதிவிடாதீர்கள்.

சில்லாவின் தொடக்க காலம் இன்னும் சுவாரசியம். அங்கே மருமகனும் பட்டத்துக்கு வரலாம். நம்ஹே மன்னர் இறந்தபோது அவர் மகன் யூரி, "நீங்களே ஆளுங்கள்" என்று தன் மச்சான் தல்ஹேயிடம் சொன்னானாம். அறிவாளிக்குப் பல் அதிகம் என்று ஒரு நம்பிக்கை. சரி, பார்த்துவிடுவோம் என்று இருவரும் அரிசிக் கேக்கைக் கடித்தார்கள். யூரியின் பல்தடங்கள் அதிகம், அவனே அரசன். 57-இல் அவன் சாகும்போது இரண்டு மகன்கள் இருந்தும் பட்டம் தல்ஹேக்கே போனது. 'மச்சான்' என்ற ஒரு சொல் போதும், நம் ஆட்களுக்கு அந்தக் காட்சி அப்படியே புரியும். 'உறவினர்' என்றால் யாருக்கு என்ன விளங்கும்?

அடுத்த தொடரைத் தொடங்கும் முன் ஒரு தாளில் வம்சாவளியை வரைந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை. அம்மா அடுத்த சீசனுக்குக் காத்திருக்கிறார், முறுக்கோடு.

அன்புடன்,
உங்கள் ரசிகை