காற்றுத் தலையணை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம். 'டோக்கியோ ஸ்டோரி' என்கிற ஜப்பானியப் படத்தைப் பார்த்துவிட்டு, "நானும் அந்த மகள் ஷிகே மாதிரிதானேப்பா" என்று ராத்திரி போனில் அழுதாயே, அப்போது எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. அப்புறம் நாங்களும் அந்தப் படத்தைப் பார்த்தோம்.

நீ எங்கே அழுதாய் என்று எனக்குத் தெரியும். ஒனோமிச்சி என்கிற ஊரிலிருந்து டோக்கியோவுக்குப் பிள்ளைகளைப் பார்க்க வந்த அப்பா அம்மாவை, அந்தப் பிள்ளைகளே செலவைப் பங்கு போட்டு அடாமி என்கிற கடலோர ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். விடுதியில் ராத்திரி முழுக்க ஒரே கூச்சல். மறுநாள் கடலோரச் சுவரில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா எழுந்திருக்கும்போது தலைசுற்றித் தடுமாறுகிறாள். உடனே நீ எங்களை மைசூர் டூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டது ஞாபகம் வந்திருக்கும். அங்கே வாங்கிய சந்தன சோப்பை அம்மா இன்னும் பிரிக்கவில்லை, பீரோவில் புடவைக்கு நடுவே வைத்திருக்கிறாள்.

ஷிகேவை எல்லோரும் திட்டுவார்கள், அம்மாவின் இறுதிச் சடங்கு முடிந்த கையோடு அவள் கிமோனோவைக் கேட்டாள் என்று. ஆனால், அம்மா விடியும்வரை தாங்கமாட்டாள் என்று டாக்டர் அண்ணன் சொன்னதும் உடைந்து அழுகிறவளும் அவள்தான். எல்லோரும் புகழும் மருமகள் நொரிகோவோ, நான் அப்படியொன்றும் நல்லவள் இல்லை என்று மாமனாரிடமே சொல்கிறாள். 1953-ல் அதை எடுத்த ஓசு யாரையும் குற்றவாளியாக நிறுத்தவில்லை பாப்பா. நானும் உன்னை நிறுத்தவில்லை. உன் பாட்டி நம் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே அவளை ராமேஸ்வரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டவன் நான். ஆபீசில் ஆடிட் நடந்துகொண்டிருந்தது. திரும்பி வந்து என் கையில் தீர்த்தம் ஊற்றினாள், ஒரு குறை சொல்லவில்லை.

எனக்குத் தொண்டை அடைத்தது வேறு இடத்தில். படம் ஆரம்பிக்கும்போது அந்த அப்பாவும் அம்மாவும் ஊருக்குக் கிளம்பப் பெட்டி கட்டுகிறார்கள். காற்றுத் தலையணையைக் காணோம். உன்னிடம்தானே கொடுத்தேன் என்கிறார் அவர். இங்கே இல்லையே என்கிறாள் அவள். கடைசியில் அது அவர் பையிலேயே இருக்கிறது. அவ்வளவுதான், சண்டை இல்லை. பாயில் உட்கார்ந்து பார்ப்பது போலத் தாழ்வாகவே கேமராவை வைத்திருப்பதால், நாமும் அந்தக் கூடத்தில் கூடவே உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. முடிவில் அதே கூடத்தில் அவர் மட்டும் விசிறியோடு உட்கார்ந்திருக்கிறார். இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால், உயிரோடு இருக்கும்போது இன்னும் அன்பாக இருந்திருப்பேன் என்று ஜன்னலில் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொல்கிறார். நடித்த சிஷு ரியூவுக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை. எப்படித்தான் அந்த வயசான முதுகைக் கொண்டுவந்தாரோ!

திரும்பிப் பார்த்தேன். அம்மா நாற்காலியிலேயே தூங்கியிருந்தாள். எழுப்பாமல் போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டேன். காலையில் காபி நானே போட்டேன். டிகாஷன் தண்ணியாகத்தான் இறங்கியது, ஆனாலும் முழு டம்ளரையும் குடித்தாள்.

கார்த்திகை தீபம் முடிந்து வருகிறோம். லீவு போடாதே. நீ ஆபீஸ் போய்விட்டு வா, ராத்திரி சேர்ந்து சாப்பிடலாம். பெட்டியை இந்தத் தடவை நான் கட்டுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா