கோஎன்சைம் க்யூ10 யாருக்குத் தேவை?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இதழின் நலவாழ்வுப் பக்கத்தில், கோஎன்சைம் க்யூ10 மாத்திரை சோர்வைப் போக்கி இதயத்துக்கும் மூளைக்கும் வலுவூட்டும் என்று வந்திருந்த குறிப்பைப் படித்தேன். வேலூர் காந்தி ரோட்டு மருந்துக்கடைகளில், டாக்டர் சீட்டில் எழுதாத இந்த மாத்திரையையும் இதய நோயாளிகள் கேட்டு வாங்கிச் செல்வதைக் காண்பதால், அக்குறிப்பில் விடுபட்டதைச் சொல்வது கடமை எனக் கருதுகிறேன்.

1957-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபிரடெரிக் கிரேன் குழுவினர் மாட்டு இதயத்தின் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து, அதாவது செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் நுண்ணுறுப்பிலிருந்து, கோஎன்சைம் க்யூ10 என்ற இப்பொருளைப் பிரித்தெடுத்தனர். மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் முதலாம், இரண்டாம் புரதத் தொகுதிகளிடமிருந்து எலக்ட்ரான்களை வாங்கி மூன்றாம் தொகுதியிடம் சேர்ப்பதே இதன் முக்கிய வேலை. இந்த எலக்ட்ரான் ஓட்டத்தின் விளைவாகச் சவ்வைக் கடக்கும் புரோட்டான்களே, செல் தன் வேலைகளுக்குச் செலவிடும் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி உருவாக ஆற்றல் தருகின்றன என்று விளக்கிய பீட்டர் மிட்செல், 1978-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். இத்தனை இன்றியமையாத பொருளை நம் உடலே தயாரித்துக்கொள்கிறது என்பதைத்தான் தங்கள் குறிப்பு சொல்லவில்லை.

இதயச் செயலிழப்பு உள்ள 420 பேருக்கு, வழக்கமான மருந்துகளோடு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த, 2014-இல் வெளியான ஆய்வில் பலன் தெரிந்தது உண்மையே. ஆனால் அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில், பார்க்கின்சன் நோயின் தொடக்க நிலையில் இருந்த 600 பேரிடம் 2,400 மில்லிகிராம் வரை கொடுத்தும் பலன் இல்லாததால் ஆய்வே இடையில் நிறுத்தப்பட்டது. மேலும், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு அம்மருந்தின் வீரியத்தை இது குறைத்துவிடக்கூடும். ஆகவே, இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தி வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது.

இம்மாத்திரை உண்மையிலேயே உயிர்நாடியாக விளங்குவது, பிறவியிலேயே இதைத் தயாரிக்கும் மரபணு பழுதுபட்ட குழந்தைகளுக்குத்தான். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டுமே தோன்றும் குறை இது. நெருங்கிய உறவினர் இருவரிடமும் ஒரே பழுது இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், அக்கா மகள், அத்தை மகள் என்று உறவுக்குள் பெண் எடுக்கும் வழக்கமுள்ள நம் வட ஆற்காடு பகுதியில் இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். சிறுநீரில் புரதம் போவது, தசைத் தளர்ச்சி, நடையில் தள்ளாட்டம், வலிப்பு என அறிகுறிகள் பலவாறாக இருப்பதால் நோய் பிடிபடத் தாமதமாகிறது. தொடக்கத்திலேயே கண்டறிந்து அதிக அளவில் கொடுத்தால் சில குழந்தைகளுக்கு நோய் முற்றாமல் தடுக்க முடியும். மூளையோ சிறுநீரகமோ கெட்டபின் கொடுத்தால் இழந்தது பெரும்பாலும் திரும்புவதில்லை. இக்குழந்தைகளைப் பற்றி, மரபணு மருத்துவர் ஒருவரைக் கொண்டு அதே பக்கத்தில் கட்டுரை வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் ஆசிரியர்,
காட்பாடி.