வந்து சேராத ஊரிலிருந்து ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் 'பொருட்களின் இணையம்' பற்றி, அதாவது கருவிகள் தாமே அளந்து இணையம் வழியே செய்தி சொல்லும் நுட்பம் பற்றி, வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆர்வத்தால்; இரண்டாம் முறை, நான் படித்தது சரிதானா என்ற ஐயத்தால். "வடசென்னை போன்ற பகுதிகளுக்கு இந்நுட்பம் வந்து சேர இன்னும் சில ஆண்டுகள் ஆகலாம்" என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். எதற்கும் ஆதாரம் கேட்கும் தங்கள் அலுவலகம் இந்த ஒரு வரிக்கு மட்டும் கேட்காமல் விட்டது ஏன் என்று நான் வினவப் போவதில்லை. எங்கள் பக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்களிடம் ஆதாரம் கேட்கும் வழக்கம் இல்லை என்பது, பிறந்தது முதல் திருவொற்றியூரில் வசிக்கும் எனக்குப் புதிய செய்தியல்ல.

மணலியில் ஓர் ஆலையின் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தொட்டியின் மட்டத்தையும் குழாயின் அழுத்தத்தையும் உலையின் வெப்பத்தையும் டிரான்ஸ்மிட்டர் அளந்து, இரண்டு கம்பிகளின் வழியே கண்ட்ரோல் ரூமுக்கு அனுப்பும். அங்கிருந்து வரும் கட்டளைக்கு ஏற்ப வால்வு திறக்கும் அல்லது மூடும். உணர்தல், தெரிவித்தல், முடிவெடுத்தல், செய்தல் என்னும் இவைதான் கட்டுரையாளர் பக்கம் முழுவதும் வியந்திருக்கும் புதுமைக்கும் அடிப்படை. கம்பி இருந்த இடத்துக்கு வைஃபையும் புளூடூத்தும் சிம் கார்டும் வந்திருக்கின்றன. கண்ட்ரோல் ரூம் இருந்த இடத்தில், எந்த நாட்டில் இருக்கிறதென்றே தெரியாத ஒரு சர்வர் உட்கார்ந்திருக்கிறது. இது பெரிய மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது புறப்பட்ட இடம் எங்களைப் போன்றவர்கள் எண்ணெய்க் கறையோடு நின்ற இடம் என்பதை ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம்.

அந்த இரு கம்பிகளில் ஓடும் மின்னோட்டத்தின் அளவு 4 முதல் 20 மில்லிஆம்பியர். தொட்டி காலியாக இருந்தால் 4, நிறைந்திருந்தால் 20. வேலைக்குப் புதிதாக வரும் எந்தப் பையனும் முதல் நாளே, "காலி என்றால் பூஜ்யம்தானே சார் காட்ட வேண்டும்?" என்று கேட்பான். பூஜ்யம் வந்தால் தொட்டி காலி என்று பொருளில்லை, கம்பி அறுந்துவிட்டது என்று பொருள். காலித் தொட்டியையும் அறுந்த கம்பியையும் ஒன்றாக நினைக்கிறவனால் ஆலை எரியும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுப்போம். இதைத்தான் மூன்று ஆண்டுகளுக்கு முன் தங்களுக்கு ஒரு கடிதமாக எழுதியிருந்தேன். இரண்டு பக்கக் கடிதத்தை ஐந்து வரிகளாகச் சுருக்கியதைப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் '4 மில்லிஆம்பியர்' என்பதை '4 ஆம்பியர்' என்று திருத்தி, என் பெயரையும் கீழே போட்டிருந்தீர்கள். ஆயிரம் மடங்கு! என்னோடு வேலை பார்த்தவர்கள் இன்றைக்கும் தேநீர்க் கடையில் என்னை 'நாலு ஆம்பியர்' என்றுதான் அழைக்கிறார்கள்.

இப்போது என் வீட்டுக் கதையைக் கேளுங்கள். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு என் மகன் ஒரு 'ஸ்மார்ட்' கருவி வாங்கிப் பொருத்தினான். மூடியின் அடியிலிருந்து ஒலியலையை அனுப்பி, அது நீரில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு மட்டத்தைக் கணக்கிட்டு, வைஃபை வழியே கைபேசிக்குச் சொல்லும். நல்ல கருவிதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது மின்சாரமும் இணையமும் போயின. கைபேசியில் செயலியைத் திறந்தேன்; 70 சதவீதம் என்றது. மறுநாளும் 70. வீட்டில் ஆறு பேர் குளித்து, சமைத்து, துணி அலசிய பிறகும் 70. மூன்றாம் நாள் குழாயில் காற்று வந்தபோதும் 70! கருவி பேச்சை நிறுத்தி மூன்று நாளாகியும், அது கடைசியாகச் சொன்னதையே இன்றைய நிலவரமாகச் செயலி காட்டிக்கொண்டிருந்தது. விற்ற நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொன்னால், செயலியை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவச் சொன்னார்கள். 4 மில்லிஆம்பியருக்கு இருந்த அறிவு அந்தச் செயலிக்கு இல்லை. மாடி ஏறித் தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பதற்கு இணைய இணைப்பு வேண்டியதில்லை என்பதால் பிழைத்தோம்.

இத்தனைக்கும் இதற்கான தீர்வு இத்துறைக்குள்ளேயே இருக்கிறது. இணைக்கப்பட்ட கருவிகள் பெரிதும் பயன்படுத்தும் எம்க்யூடிடி என்னும் செய்திமுறையை ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் ஆகிய இருவரும் 1999இல் உருவாக்கினார்கள். எதற்காக என்று நினைக்கிறீர்கள்? பால் தீர்ந்ததும் தானே வாங்கிக்கொள்ளும் குளிர்பதனப் பெட்டிக்காக அல்ல; எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிப்பதற்காக. அதில், கருவி இணையும்போதே ஓர் உயிலை எழுதிக் கொடுத்துவிடும். அது சொல்லாமல் கொள்ளாமல் துண்டிக்கப்பட்டால், அந்த உயிலை இடைநிலை சர்வர் எல்லோருக்கும் வாசித்துக் காட்டும். 'நான் போய்விட்டேன், என் பழைய எண்ணை நம்பாதீர்கள்' என்று என் தொட்டிக் கருவியை எழுத வைக்க எத்தனை வரி நிரல் ஆகியிருக்கும்? கட்டுரையாளர் இதையெல்லாம் விட்டுவிட்டுக் குளிர்பதனப் பெட்டியின் படத்துக்குக் கால் பக்கம் ஒதுக்கியிருக்கிறார். கருவிகளைத் தயாரிப்பாளர் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் அப்படியே விட்டதால் 2016இல் மிராய் என்னும் தீநிரல் ஏராளமான கேமராக்களையும் ரூட்டர்களையும் கைப்பற்றியது பற்றி ஒரு சொல்கூட இல்லை. எங்கள் தெருமுனைக் கடையின் கேமராவுக்கு இன்றும் 'அட்மின்' என்பதே கடவுச்சொல்.

'பொருட்களின் இணையம்' என்ற பெயரை 1999இல் கெவின் ஆஷ்டன் வைத்தபோது, அவர் பேசியது சரக்குகளில் ஒட்டும் ஆர்எஃப்ஐடி சில்லுகளைப் பற்றி; ரேடியோ அலை வழியே தம் அடையாளத்தைச் சொல்பவை அவை. எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்குள் நுழைய வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர்களைக் கட்டுரையாளர் பார்த்ததுண்டா? ஏற்றுமதியாளர்கள் தாங்களே முத்திரையிடும் கன்டெய்னர்களில் 2017 முதல் ஆர்எஃப்ஐடி மின்முத்திரை இருக்கிறது. செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும், இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பான்டர் கருவிகள் தமிழக விசைப்படகுகளில் பொருத்தப்பட்டு, கைபேசிக் கோபுரம் எட்டாத கடலிலிருந்தும் செய்தி வருகிறது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு காலைப் பொழுதைக் கழித்திருந்தால், எது எங்கே வந்து சேரவில்லை என்பது தெளிவாகியிருக்கும்.

வந்து சேராதது ஒன்று உண்டுதான். 2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, அங்கே குடியிருக்கும் என் சம்பந்தி வீட்டாருக்கு முதலில் செய்தி சொன்னது அவர்களுடைய மூக்கு. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அளக்கும் கருவிகள் வேலிக்கு உள்ளே இருக்கின்றன, மூச்சு விடுகிறவர்கள் வெளியே இருக்கிறார்கள். இவ்விரண்டையும் இணைப்பதல்லவா இணையம்?

பெரிதாக எதையும் கேட்டுவிடவில்லை. மணலி, கொடுங்கையூர், ராயபுரம் ஆகிய இடங்களில் காற்றின் தரத்தைத் தொடர்ந்து அளக்கும் நிலையங்கள் இருப்பது தாங்கள் அறியாததல்ல. அவற்றின் எண்கள் இணையத்தில் எவரும் பார்க்கும்படி வெளியாகின்றன. ஆனால் தாங்களோ 'சென்னை' என்று ஒரே ஓர் எண்ணை அச்சிடுகிறீர்கள். தங்கம், வெள்ளி நிலவரத்துக்குக் கீழே ஒரு வரியில் இம்மூன்றையும் தனித்தனியே, அளந்த நேரத்தோடு அச்சிட வேண்டுகிறேன். எண் வராத நாளில் நேற்றைய எண்ணைப் போட வேண்டாம், கோடும் போட வேண்டாம். 'தகவல் வரவில்லை' என்றே அச்சிடுங்கள்.

இந்தக் கடிதத்தைச் சுருக்குவதானால் தாராளமாகச் சுருக்கலாம். 'மில்லி'யை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக்,
திருவொற்றியூர், சென்னை.