தட்டுகிற மீன் ஏன் மாட்டவில்லை

உ

கானாடுகாத்தான்

அன்பு மகள் மீனாவுக்கு அப்பச்சி எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். மழை இல்லை, ஊரணியில் இரண்டு படிக்கட்டு வெளியே தெரிகிறது.

மாப்பிள்ளை வாங்கிவந்த ஃப்ளை ராடோடு டாலஸில் மூன்று ஞாயிறாகக் குளக்கரைக்குப் போகிறீர்கள், ப்ளூகில் மீன் மேலே வந்து தட்டுகிறது, ஒன்றுகூட மாட்டவில்லை, சின்னவன் முகம் தொங்கிப்போகிறது என்று எழுதியிருந்தாய். தூண்டிலில் கட்டுகிற போலிப் பூச்சியை உள்ளங்கையில் வைத்து எடுத்த படத்தையும் பார்த்தேன். பாதி விடை அதிலேயே இருக்கிறது. அது பாஸ் மீனுக்குப் போடுகிற பாப்பர், அதாவது தண்ணீர்மேல் மிதக்கிற பெரிய பூச்சி, முள் 2-ஆம் எண்ணாவது இருக்கும். தூண்டில் முள்ளில் எண் கூடக் கூட முள் சிறுக்கும். ப்ளூகில்லுக்கு 8 முதல் 12 வரை போடலாம். என்னைக் கேட்டால் 10.

ப்ளூகில் பார்க்க நம் கண்மாய் ஜிலேபிக் கெண்டைக்குப் பங்காளி மாதிரி இருக்கும். தட்டையான உடம்பு, நல்ல அகலம், முதுகில் முள்வரிசை. செவுள் மூடியின் ஓரத்தில் காது மாதிரி ஒரு கறுப்பு மடல், அதுதான் அடையாளம். ஆனால் வாய் சின்னது. ஆறு அங்குல மீனுக்கு ஒரு சுண்டைக்காய் நுழைந்தால் பெரிது. அவ்வளவு சின்ன வாய்க்காரன் உன் பாப்பரை எப்படி விழுங்குவான்? அதில் தொங்குகிற ரப்பர் காலைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறான். அதைத்தான் நீ தட்டுகிறது என்கிறாய்.

முள்ளை மாற்றிய பிறகும் மாட்டாவிட்டால் தப்பு கையில். ப்ளூகில் கடித்துப் பிடிப்பதில்லை, தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சுகிறது. மேல்தண்ணீரில் அது எடுக்கும்போது "ப்ளக்" என்று முத்தம் கொடுக்கிற மாதிரி சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குத் திடுக்கிட்டு ராடை வானத்துக்குத் தூக்கினால் பூச்சி பறந்து வந்து உன் தொப்பியில் விழும். பூச்சி கண்ணுக்கு மறைந்ததா என்று பார், பிறகு இடது கையால் லைனை ஒரு சாண் இழு. லைன் இறுகுகிறது என்று தெரிந்ததும் ராடைத் தூக்கு. இதற்கு ராடின் நுனி எப்போதும் தண்ணீரைத் தொடுகிற மாதிரி தாழ்ந்திருக்க வேண்டும். நுனி மூன்றடி மேலே நின்றால் அங்கிருந்து தண்ணீர்வரை லைன் தொய்ந்து கிடக்கும். நீ இழுக்கிற ஒரு சாண் அந்தத் தொய்வுக்கே சரியாகப் போய்விடும், மீனுக்கு எதுவும் போய்ச் சேராது.

முள் மழுங்கியிருந்தாலும் இதே கதைதான். முனையைக் கட்டைவிரல் நகத்தில் லேசாக வைத்து இழுத்துப் பார். கீறிக்கொண்டு நின்றால் நல்ல முள், வழுக்கினால் மாற்று.

இனி பூச்சி. கடையில் வாங்கலாம், ஆனால் ஒரு குளத்தங்கரை மரம் ஒரே சாயங்காலத்தில் நாலைத் தின்றுவிடும், கட்டிக்கொள்வதே நல்லது. எனக்குப் பிடித்தது ஃபோம் சிலந்தி. கைவேலைக் கடையில் 2 மில்லிமீட்டர் ஃபோம் ஷீட் கிடைக்கும். அதில் 5 மில்லிமீட்டர் அகலம், 20 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டி ஒரு நுனியைக் கூராக்கு. முள்ளை வைஸில் (சின்னப் பிடிகருவி) மாட்டி, கண்ணுக்கு (தூண்டில் நரம்பு கோக்கிற ஓட்டை) பின்னாலிருந்து வளைவு தொடங்கும் இடம்வரை நூலை நெருக்கமாகச் சுற்று. வெறும் கம்பியில் ஃபோமைக் கட்டினால் அது முள்ளைச் சுற்றித் திரும்பிவிடும். நூல்படுகைமேல் ஒரு சொட்டு பெவிக்விக் வைத்துப் பட்டையை அதன்மேல் படுக்க வை. கூர்நுனி பின்பக்கம், வளைவைத் தாண்டி மூன்று மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கட்டும்.

கட்டும்போது கவனம். முதல் இரண்டு சுற்றைத் தளர்வாகப் போட்டு மூன்றாவதை இறுக்கு. எடுத்த எடுப்பிலேயே இறுக்கினால் நூல் ஃபோமை வெண்ணெய் மாதிரி அறுத்துக்கொண்டு போகும். நடுவில் இடுப்பு மாதிரி ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ரப்பர் இழையை நடுவில் பிடித்துக் கட்டினால் பக்கத்துக்கு இரண்டு கால். ரப்பர் இழைக்குத் தனியாக அலைய வேண்டாம், பழைய பாவாடை எலாஸ்டிக்கைப் பிரித்தால் உள்ளே இருக்கிறது. காலின் நீளம் உடம்பைவிடக் கொஞ்சம் கூட இருந்தால் போதும். இரண்டு மடங்குக்கு மேல் விட்டால் பழைய கதைதான், மீன் காலைப் பிடித்து விளையாடும். தட்டித் தட்டிப் போனால் குளக்கரையிலேயே கத்தரிக்கோலால் காலில் பாதியை நறுக்கிவிடு.

முடித்ததும் இரண்டு இடம் பார். முள்முனைக்கும் ஃபோமுக்கும் நடுவில் நல்ல இடைவெளி வேண்டும். ஃபோம் தடித்து அந்த இடத்தை அடைத்தால் உதடு உள்ளே போகாது. பிசின் முள்ளின் கண்ணை அடைத்திருந்தால் காய்வதற்குள் ஊசியால் குத்தி எடு. நிறத்தைப் பற்றி ரொம்ப யோசிக்காதே. மஞ்சள் நம் கண்ணுக்குத் தெரியும் என்பதற்காக. மீன் கீழிருந்து பார்ப்பது நிழலைத்தான். அந்தி நேரத்துக்குக் கறுப்பு.

வீசுவதற்கு வருகிறேன். நம் ஊர்த் தூண்டிலில் நெட்டித் தக்கையும் ஈயமும் பாரம், அதை வீசினால் நரம்பு கூடப் போகும். இதில் தலைகீழ். பூச்சிக்குப் பாரமே கிடையாது. லைன்தான் பாரம், பூச்சி அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறது. உங்கள் ராடு 4-ஆம் எண். அதற்குரிய லைனின் முதல் 30 அடி 7.8 கிராம் இருக்கும். பாரம் அவ்வளவு நீளத்துக்குப் பரவியிருப்பதால் பின்னால் போன லைன் முழுக்க நீண்டு முடிகிறவரை காத்திருக்க வேண்டும், அதற்குமுன் முன்னே தள்ளக்கூடாது. அவசரப்பட்டால் சாட்டை மாதிரி "பட்" என்று கேட்கும், பூச்சி அறுந்து போயிருக்கும். திரும்பிப் பார்த்து வீசு, வெட்கம் வேண்டாம். மணிக்கட்டை மடக்காமல் முழங்கையால் வீசு. ராடைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொள்: பின்னால் ஒரு மணி, முன்னால் பத்து மணி, அதற்குமேல் சாயக்கூடாது. சின்னவனுக்கு முதலில் புல்தரையில் பழக்கு, பூச்சிக்குப் பதில் ஒரு துண்டு கம்பளிநூல் கட்டி. 25 அடி போய் விழுந்தால் போதும். ப்ளூகில் கரையோரத்து மீன், நடுக்குளத்துக்கு வீசுவது அழகுக்குத்தான். தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல் அவன் கையில் ராடைக் கொடுக்காதே.

லைனையும் பூச்சியையும் இணைக்கிற மெல்லிய நரம்புதான் லீடர். அது ஏழரை அடி, நுனி 5 எக்ஸ். 11-இலிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு தடிமன் என்று வரும். 5 எக்ஸ் என்றால் 6 பங்கு, அதாவது 0.15 மில்லிமீட்டர். முடிச்சு: கண்ணில் நுழைத்து நரம்பை ஐந்து சுற்று முறுக்கி, கண்ணை ஒட்டிய சின்ன வளையத்தில் நுழைத்து, அதனால் உண்டாகிற பெரிய வளையத்திலும் நுழைத்து, எச்சில் தொட்டு மெல்ல இறுக்கு. உலர்ந்த நரம்பை இறுக்கினால் உராய்கிற சூட்டிலேயே பலம் போய்விடும். லீடரில் தானாக விழுகிற சின்ன முடிச்சையும் அவ்வப்போது தடவிப் பார், இருந்தால் அங்கே அறும்.

பூச்சி தண்ணீரில் விழுந்ததும் உடனே ஆட்டாதே. விழுந்த வளையம் முழுக்கக் கலையட்டும். பிறகு ஒரு விரற்கடை இழு, நிறுத்து. பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் எடுக்கும். மாப்பிள்ளை கை சும்மா இருக்காது, எனக்குத் தெரியும். அவரிடம் இருபது எண்ணச் சொல்.

வெயில் ஏறினால் மேலே எடுக்காது, நிழலுக்கோ ஆழத்துக்கோ போய்விடும். அப்போது ஃபோம் பூச்சியின் முள்வளைவில் ஒன்றரை அடி நரம்பு கட்டி, அதன் நுனியில் பாசிமணி வைத்த 12-ஆம் எண் நிம்ஃப் (மூழ்குகிற பூச்சி) கட்டு. இப்போது ஃபோம்தான் தக்கை. அது நின்றாலும், பக்கவாட்டில் நகர்ந்தாலும், மூழ்கினாலும் இழு. இங்கே காத்திருக்கக் கூடாது, தண்ணீருக்கடியில் உறிஞ்சியதை ஒரு நொடியில் துப்பிவிடும்.

தண்ணீர் 20 பாகை செல்சியஸைத் தாண்டியதும் முட்டையிடத் தொடங்கும். தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார். டாலஸ் பக்கம் ஏப்ரல் வாக்கில் வரும், கோடை முழுக்க விட்டு விட்டு நடக்கும். ஓரடியிலிருந்து நாலடி ஆழத்தில், மணலோ சரளையோ உள்ள இடத்தில், ஆண் வாலால் விசிறி ஓரடி அகலத்துக்கு வட்டக்குழி பறிக்கும். ஒன்றை ஒட்டி ஒன்றாகப் பத்து இருபது குழி இருக்கும். போலராய்டு கண்ணாடி போட்டு மேலிருந்து பார்த்தால் அச்சு அசல் பணியாரச் சட்டிதான். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், ஆண்தான் காவல். ஜிலேபியிலும் ஆண்தான் குழி பறிக்கும், ஆனால் பெண் முட்டையை வாயில் வைத்துக் காக்கும். ப்ளூகில்லில் அந்த வழி இல்லாததால், காவல்காரன் இல்லாத குழியைச் சின்ன மீன்கள் வந்து காலி செய்துவிடும்.

காவல் நிற்கிறவன் கிட்டே வந்த எதையும் கடிப்பான். சின்னவனுக்கு முதல் மீன் காட்ட அதைவிடச் சுலபமான இடம் இல்லை. ஆனால் பிடித்த இடத்திலேயே உடனே விட்டுவிடு. அங்கே நிற்கிற பெரிய ஆண்களையே பொறுக்கி எடுத்தால், சின்ன ஆண்கள் வளர்வதை விட்டுவிட்டுச் சீக்கிரமே பருவத்துக்கு வந்துவிடும். சில வருடத்தில் குளம் முழுக்க மூன்று விரல் பொடிசு. சமைக்க வேண்டுமானால் குழிக்கு வெளியே கிடைக்கிற நடுத்தர மீனாக நாலைந்து எடு. செதிலைச் சுரண்டி, இரண்டு பக்கமும் முள்வரை கீறி, மிளகாய்த்தூள், மஞ்சள், இடித்த பூண்டு, சோம்பு, உப்பு தடவி அரைமணி ஊறவைத்துக் கல்லில் போடு. முழு மீனாகப் போடு. துண்டு போட்டால் முள்தான் மிஞ்சும்.

பிடிக்கும்போது கையை நனைத்துக்கொண்டு, தலையிலிருந்து வால்பக்கமாகத் தடவி முதுகுமுள்ளைப் படியவைத்து அமுக்கிப் பிடி. எதிர்ப்பக்கமாகக் கை வைத்தால் குத்திவிடும். முள்ளின் எதிர்க்கொக்கியை (முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கிற கூர்) வீட்டிலேயே இடுக்கியால் நசுக்கிவிடு. மீன் வாயிலிருந்து சுலபமாக வரும், சின்னவன் விரலில் ஏறினாலும் அப்படியே வரும்.

பொதுக்குளத்தில் மாப்பிள்ளைக்கும் உனக்கும் மாநில லைசென்ஸ் வேண்டும். டெக்சாஸில் 17 வயதுக்குக் கீழே தேவையில்லை. குடியிருப்புக்குள் இருக்கிற குளம் என்றால் சங்கத்திடம் கேட்டுக்கொண்டு இறங்கு. புல்லில் கால் வைக்குமுன் நெருப்பெறும்புப் புற்றும் பாம்பும் பார்.

பிடித்ததை வாளியில் கொண்டுபோய் வேறு குளத்தில் விடலாமா என்று சின்னவன் கேட்டானாம். வேண்டாம் என்று ஐயா சொன்னதாகச் சொல். 1960-இல் ஜப்பான் இளவரசர் அகிஹிட்டோவுக்குச் சிகாகோவில் இந்த மீனைப் பரிசாகக் கொடுத்தார்கள். அங்கே போய்ப் பெருகி பிவா ஏரியின் சொந்த மீன்களுக்கே ஆபத்தாகி, 2007-இல் பேரரசராக இருந்த அவரே வருத்தம் தெரிவித்தார். நம் பக்கமும் 1952-இல் கொண்டுவந்த ஜிலேபிதானே இன்று கண்மாய்க்குக் கண்மாய் கிடக்கிறது.

அடுத்த வாரம் காரைக்குடியிலிருந்து உங்கள் ஊருக்கு வருகிறவரிடம் உங்க ஆத்தா முடைந்த மூடிக் கொட்டான் ஒன்று கொடுத்துவிடுகிறேன். உள்ளே பன்னிரண்டு சிலந்தி, எல்லாம் 10-ஆம் எண், எதிர்க்கொக்கி நசுக்கியது: மஞ்சள் ஆறு, கறுப்பு நாலு, வெள்ளை இரண்டு. முள் இருப்பதால் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் போடச் சொல்லியிருக்கிறேன். சின்னவனுக்கு மஞ்சளைக் கட்டிக் கொடு, கால் நீளமாகத் தெரிந்தால் நறுக்கிக்கொள்.

அன்புடன்
அப்பச்சி