எங்கள் கணக்கின் தரவை எங்களுக்குத் திருப்பித் தாருங்கள்: வங்கி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வங்கி நிர்வாகத்தினருக்கும் மின்வழிச் சேவைப் பிரிவின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியிலுள்ள ஒரு தமிழ்க் கோயிலின் பொருளாளர் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். இணையவழிச் சேவையைப் புதுப்பித்தபோது, கணக்கு மென்பொருள் நேரடியாகப் படிக்கும் ஓஎஃப்எக்ஸ் என்ற கோப்பு வடிவின் பதிவிறக்கத்தை நீங்கள் நீக்கிவிட்டதையும், இப்போது அச்சுத்தாள் போன்ற பிடிஎஃப், அட்டவணைக் கோப்பான சிஎஸ்வி என்ற இரண்டு மட்டுமே எஞ்சியிருப்பதையும் உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கிளையில் நேரில் கேட்டோம், தொலைபேசியில் கேட்டோம், மின்னஞ்சலிலும் எழுதினோம். கருத்தைப் பதிவு செய்துகொண்டோம் என்பதற்கு மேல் ஒரு பதிலும் வரவில்லை. ஆகவே, இதே சிரமத்தில் இருக்கும் மற்றக் கோயில்களும், சபைகளும், சிறு கடைக்காரர்களும் படிக்கட்டும் என்று இதை வெளிப்படையாக எழுதுகிறேன்.

எங்கள் கோரிக்கை ஒன்றே. எங்கள் கணக்கில் நடக்கும் ஒவ்வொரு பரிவர்த்தனையையும், அதற்குரிய தனி அடையாள எண்ணோடும், பணம் அனுப்பியவர் எழுதிய குறிப்பு முழுவதோடும், கணக்கு மென்பொருள் நேரடியாகப் படிக்கக்கூடிய கோப்பாகத் தாருங்கள். நேற்றுவரை நீங்கள் தந்துகொண்டிருந்ததைத்தான் கேட்கிறோம்.

ஓஎஃப்எக்ஸ் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றன்று. மைக்ரோசாஃப்ட், இன்ட்யூட், செக்ஃப்ரீ ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து 1997-இல் வெளியிட்ட வடிவம் அது. எங்கள் அலுவலகக் கணினியில் இருக்கும் க்னூகேஷ் உட்படப் பல கணக்கு மென்பொருள்கள் அதை இன்றும் படிக்கின்றன. அந்த வடிவத்தில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் எஃப்ஐடிஐடி என்ற அடையாளம் உண்டு. ஒரு கணக்குக்குள் அது இரண்டாம் முறை வராது. அதனால் சென்ற வாரம் ஏற்றிய நாள்களையே இந்த வாரமும் சேர்த்துப் பதிவிறக்கினாலும், ஏற்கெனவே பேரேட்டில் ஏறியவற்றை மென்பொருள் தானே கண்டு விலக்கிவிடும். மாதக் கணக்கை முடிப்பது ஒரு மாலை நேர வேலையாக இருந்தது.

இப்போது நடப்பதை அறியத் தைப்பூசக் காவடிக் காலம் ஒன்றே போதும். எங்கள் மக்கள் காணிக்கையை முழு நூறாக அனுப்புவதில்லை; 51 ரேண்ட், 101 ரேண்ட், 501 ரேண்ட் என்று ஒன்று கூட்டித்தான் அனுப்புவார்கள். ஆகவே தைப்பூசத்தன்று வெவ்வேறு வீடுகளிலிருந்து, ஒரே தொகையில், வரவுகள் வந்து குவியும். 2025 தைப்பூசத்துக்கு உரிய உங்கள் சிஎஸ்வி கோப்பைத் திறந்தால், வரிகள் இப்படித்தான் இருக்கின்றன (இஎஃப்டி என்பது மின்வழிப் பணப் பரிமாற்றம்):

11 பிப்;இஎஃப்டி வரவு;101,00
11 பிப்;இஎஃப்டி வரவு;101,00
11 பிப்;இஎஃப்டி வரவு;101,00

இவ்வாறே பக்கம் முழுவதும் தொடர்கிறது. அடையாள எண் இல்லாததால், மென்பொருள் தொகையையும் தேதியையும் விவரத்தையும் ஒப்பிட்டு, இது புதிய வரவா, முன்பே ஏற்றியதா என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. மூன்றும் ஒன்றாகவே இருக்கும்போது அந்த ஊகத்துக்கு எந்தப் பிடிமானமும் இல்லை. உண்மையான காணிக்கையை இரட்டைப் பதிவு என்று தள்ளிவிடவும், முன்பே ஏற்றியதைப் புதிது என்று மீண்டும் சேர்த்துவிடவும் அதற்கு வழி இருக்கிறது. இரண்டில் எது நடந்தாலும், கோயில் பணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தான்.

காவடி முடிந்த பின், பல்லாண்டுகளாகக் கோயிலுக்கு வரும் ஒரு மூதாட்டி அலுவலகத்துக்கு வந்தார். "தம்பி, பேரன் பேரில் பணம் போட்டோமே, ரசீது வரலையே" என்று கேட்டார். உடன் வந்த மகள் கைப்பேசியைத் திறந்து காட்டினார். பையனின் பெயரும் காவடி என்ற சொல்லும் குறிப்பில் தெளிவாக இருந்தன. உங்கள் பிடிஎஃப் அறிக்கையிலும் அந்தப் பெயர் முழுமையாக இருக்கிறது. சிஎஸ்வி கோப்பில் மட்டும் இல்லை. ஒரே வங்கி, ஒரே கணக்கு, ஒரே பரிவர்த்தனை. மனிதர் படிக்கும் தாளில் இருக்கும் பெயரை, கணினி படிக்கும் கோப்பிலிருந்து நீக்க வேண்டிய தேவை உங்களுக்கு ஏன் வந்தது? நேர்த்திக்கடனாகச் செலுத்திய காணிக்கைக்கு, பேரன் பெயர் எழுதிய ரசீது அந்த அம்மையாருக்கு எவ்வளவு பெரியது என்பதை உங்கள் அலுவலகத்தில் யாரேனும் எண்ணிப் பார்த்தார்களா?

அந்தப் பெயர்களை மீட்பதற்காக, பிடிஎஃப் அறிக்கையை ஒரு பக்கமும் சிஎஸ்வி கோப்பை மறு பக்கமும் திறந்து வைத்துக்கொண்டு, வரிவரியாகப் பார்த்துத் தட்டச்சு செய்கிறோம். அது முடிந்தாலும் கோப்பு ஏறிவிடாது. தேதியில் ஆண்டு இல்லை. ஆகவே டிசம்பரும் ஜனவரியும் கலந்த கோப்பில் ஆண்டை நாங்களே சேர்க்க வேண்டும். தென்னாப்பிரிக்க வழக்கப்படி தசமத்துக்குக் காற்புள்ளி இடுவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஒரு பதிவிறக்கத்தில் காற்புள்ளியும் அடுத்ததில் புள்ளியும் வந்தால் என்ன செய்வது? ஆயிரத்துக்கு மேற்பட்ட தொகைகளில் நீங்கள் விடும் இடைவெளியும் சாதாரண இடைவெளியன்று. வரி முறியாமல் தடுக்கும் தனிக் குறி அது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். விசைப்பலகையில் இடைவெளியைத் தட்டித் தேடி நீக்கப் பார்த்தால் அகப்படாது. அது இருக்கும்வரை 1 250,00 என்பது எங்கள் கணினியின் எக்செல்லில் எண்ணாகாமல் வெறும் எழுத்தாகவே நிற்கும், கூட்டுத்தொகையில் சேராது.

எங்கள் இளைஞர் குழுவில் ஒருவர், இந்தத் திருத்தங்களையெல்லாம் தானே செய்யும் ஒரு சிறு நிரலைப் பைத்தானில் எழுதித் தந்தார். நன்றாகவே வேலை செய்தது. பிறகு எந்த அறிவிப்பும் இல்லாமல் நெடுவரிசைகளின் வரிசையை மாற்றினீர்கள், நிரல் நின்றது. அவர் பொறுமையாகத் திருத்தினார். நீங்கள் மறுபடியும் மாற்றினீர்கள். படிப்புக்கும் வேலைக்கும் நடுவே, கோயிலுக்காக நேரம் ஒதுக்கும் ஒரு பிள்ளையின் உழைப்பு இப்படி வீணாவதைக் கண்டு எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

உங்கள் தொலைபேசி உதவி மையத்தில் கிடைத்த யோசனையையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். பிடிஎஃப் அறிக்கையை மாற்றித் தரும் இணையதளங்கள் உள்ளன, அவற்றில் பதிவேற்றிப் பாருங்கள் என்றார்கள். எங்கள் அடியார்களின் பெயர்களும், அவர்கள் கொடுத்த தொகைகளும் அந்த அறிக்கையில் இருக்கின்றன. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியாவின்படி, 2021 ஜூலை 1 முதல் அத்தகவல்களைக் காக்க வேண்டிய கடமை எங்களைப் போன்ற சிறிய அமைப்புகளுக்கும் உண்டு. யார் நடத்துகிறார்கள், எந்த நாட்டில் சேமிக்கிறார்கள் என்று தெரியாத ஓர் இடத்தில் அவற்றைக் கொட்டும்படி ஒரு வங்கியே சொல்லலாமா? மாதக் கட்டணம் வாங்கும் இணையவழிக் கணக்குச் சேவையில் சேர்ந்தால் தரவு நேரடியாக வந்துவிடும் என்றும் சொன்னார்கள். அப்படியானால் தரவு உங்களிடம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. அதை வேறொரு நிறுவனத்துக்குத் தர முடிகிற உங்களால், கணக்கு வைத்திருக்கும் எங்களுக்குத் தர முடியவில்லை. அடியார்கள் போடும் காணிக்கையிலிருந்து அதற்கு மாதந்தோறும் கட்டணம் கட்ட எங்கள் நிர்வாகக் குழு உடன்படவில்லை; நானும் உடன்படவில்லை.

2020 டிசம்பர் 31-உடன் இந்த நாட்டில் காசோலை முடிவுக்கு வந்தது. அதுவரை காசோலை எழுதிக் கையில் கொடுத்துவந்த எங்கள் பெரியவர்கள், பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் கேட்டுக் கேட்டு மின்வழிப் பரிமாற்றத்தைக் கற்றுக்கொண்டார்கள். 2023-இல் உடனடிப் பணப் பரிமாற்றச் சேவையான பேஷாப் வந்தது, அதையும் கற்றுக்கொண்டார்கள். கிளைகளில் ஆள்கள் குறைந்தார்கள், கட்டணங்கள் உயர்ந்தன. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் எல்லாம் மின்மயமானால் எல்லாருக்கும் எளிது என்று சொல்லப்பட்டது. மக்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். காசோலையின் பின்புறம் பென்சிலால் எழுதிய பெயராவது எங்கள் கைக்கு வந்து சேர்ந்தது. இன்று அவர்கள் கவனமாகத் தட்டும் பெயர் உங்கள் கோப்பில் வந்து சேர்வதில்லை.

சற்றுக் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், காரணம் இருக்கிறது. 1997-ஆம் ஆண்டின் இலாப நோக்கற்ற அமைப்புகள் சட்டப்படி, நிதியாண்டு முடிந்து 9 மாதங்களுக்குள் கணக்கு அலுவலரின் அறிக்கையுடன் நிதிநிலை அறிக்கைகளைச் சமூக மேம்பாட்டுத் துறைக்கு நாங்கள் அனுப்பியாக வேண்டும். கோப்பு சரியில்லை என்ற காரணத்தைத் துறையும் ஏற்காது, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கும் உறுப்பினரும் ஏற்கமாட்டார்.

ஆகவே பணிவுடன் மீண்டும் கேட்டுக்கொள்கிறோம். ஓஎஃப்எக்ஸ் பதிவிறக்கத்தை எஃப்ஐடிஐடி அடையாளத்துடன் திரும்பக் கொண்டுவாருங்கள். அதற்குக் காலம் தேவை என்றால், அதுவரை சிஎஸ்வி கோப்பிலாவது பரிவர்த்தனை அடையாள எண்ணையும், ஆண்டுடன் கூடிய தேதியையும், அனுப்பியவரின் குறிப்பையும் முழுமையாகச் சேருங்கள். தொகைகளை இடைவெளி இல்லாமல் ஒரே முறையில் எழுதுங்கள். வடிவத்தை மாற்ற நேர்ந்தால், மாற்றுவதற்கு முன் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு அறிவியுங்கள். புரட்டாசி விரதக் காலத்தில் காணிக்கைகள் மீண்டும் பெருகும். அதற்குமுன் எழுத்து வடிவில் ஒரு பதிலை எதிர்பார்க்கிறோம். மாதிரிக் கோப்புகளுடன் உங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்து விளக்கவும், புதிய கோப்பை எங்கள் மென்பொருளில் ஏற்றிச் சோதித்துச் சொல்லவும் ஆயத்தமாக இருக்கிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
பொருளாளர்,
கோயில் நிர்வாகக் குழுவின் சார்பில்,
சாட்ஸ்வொர்த், டர்பன்